நாற்பதாவது கேள்வியில் நின்ற கம்ப்யூட்டர்

அந்தக் கார் கேமில் எப்போதும் பனிமூட்டம்தான். காருக்கு முன்னால் கொஞ்ச தூரம் ரோடு தெரியும். அதற்கு அப்பால் சாம்பல் கலந்த வெள்ளை. ஓட்ட ஓட்ட அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மரம் வரும், ஒரு விளக்குக் கம்பம் வரும், எதிர்பாராமல் ஒரு பாலம் வரும். பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் நிற்கிற மாதிரி நின்று, பின்னால் போய்க் கரைந்துவிடும். அது கேம் செய்தவன் போட்ட பனி இல்லை. எங்கள் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு தூரம்தான் வரையச் சக்தி இருந்தது. மிச்சத்தை வெள்ளை பூசி மறைத்துவிடும். பதில் தெரியாத கேள்விக்கு நான் பரீட்சைத் தாளில் புரியாத கையெழுத்தில் கிறுக்கிவைப்பேனே, அதே வேலை.

ரொம்ப நாள் எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ஆம்பூரில் மார்கழி காலையில் சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போகும்போது டேனரிப் பக்கத்து ரோடும் அப்படித்தான் இருக்கும். ஆவிக்குள்ளிருந்து ஒரு மாட்டு வண்டி வரும், அதில் ஈரத்தோல் இருக்கும், வண்டி போய்விடும், வாசனை மட்டும் நிற்கும். அங்கிருந்து கம்பெனிக்குள் போனால் எட்டு மணி நேரம் பேஸ்டிங் டேபிள். ஷூவின் மேல்பாகத்துத் தோலில் பிரஷால் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, ஓரம் மடித்து, தட்டி அடுத்தவனுக்குத் தள்ளுவது என் வேலை. பத்தாவதில் இங்கிலீஷும் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்து என்னைக் கவிழ்த்த பிறகு கிடைத்த வேலை. என் சட்டை, முடி, டிபன் பாக்ஸ் எல்லாமே சொல்யூஷன் வாசம். நான் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரும் கம்பெனியிலிருந்து வந்ததுதான். ஆபீசுக்குப் புதுசு வாங்கியபோது பழையதை வேலை செய்கிறவர்களுக்கே கொடுத்தார்கள். வேலூரில் ஆஸ்பத்திரி நர்சாக இருந்த அக்கா பணம் கொடுத்தாள். நான் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். அம்மா மானிட்டர் தலையில் கை வைத்து ஜெபம் செய்தாள். இந்தப் பிள்ளைக்கு இதனாலயாவது புத்தி வரட்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது கூட. ஹாஸ்டலில் இருந்தாள். ஆஃப் கிடைக்கும்போது நைட் டியூட்டி முடிந்த கையோடு காலை பஸ் பிடித்து வந்து, தலைக்குக் குளித்து, ஈரமுடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். ரேஸ் ஓட்ட மாட்டாள். மற்ற கார்கள் எல்லாம் சீறிப் போன பிறகு மெதுவாகக் கிளம்புவாள். ஓரமாகப் போவாள். ஒரு மரத்தைப் பிடித்திருந்தால் நிறுத்திப் பார்ப்பாள். சில நாள் காரைத் திருப்பி வந்த வழியே போவாள். திரையில் சிவப்பாக எச்சரிக்கை மின்னிக்கொண்டே இருக்கும்.

"டவுன் பஸ்சே உன்ன ஓவர்டேக் பண்ணிட்டுப் போய்டும்க்கா" என்பேன்.

"போறவன் போகட்டும். எனக்கு இப்ப எந்த வார்டும் இல்ல" என்பாள்.

ரோட்டுக்கு இடதுபக்கம் தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒன்று எப்போதும் கூடவே வரும். நான் அதற்குப் பாலாறு என்று பெயர் வைத்திருந்தேன். தண்ணியில்லாமல் மணல் மட்டும் கிடக்கிற ஆறு எங்களுக்குத் தெரிந்ததுதானே. அக்கா எங்கே போகிறாள் என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டால், பாலாத்தங்கரைக்குக் காத்து வாங்கப் போயிருக்கா என்று நான் பதில் சொல்வேன்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான பரீட்சைக்குப் பணம் கட்டினாள். எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் அவள்தான். பரீட்சை பெங்களூரில். படிப்பதற்காக ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு போட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். தடிமனான புத்தகங்களோடு, யாரோ சீனியர் நர்ஸ் கொடுத்த ஒரு சீடியும் கொண்டுவந்தாள். அதில் மாதிரிப் பரீட்சை இருந்தது. ஸ்டார்ட் அமுக்கினால் மூலையில் நேரம் ஓட ஆரம்பிக்கும். இரண்டரை மணி நேரம், இருநூறு கேள்வி. ஒவ்வொரு கேள்வியும் முக்கால் நிமிஷம் நிற்கும், முன்னாடியே பதிலைத் தொட்டாலும் அடுத்தது வராது. நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடி முதல் கேள்வியிலிருந்து.

எங்கள் கம்ப்யூட்டர் அரைமணி நேரத்தில் நின்றது.

நின்றது என்றால் அணையவில்லை. திரை அப்படியே உறைந்துவிடும். மவுசை ஆட்டினாலும் அம்பு நகராது. நேரமும் ஓடாது. நாற்பதாவது கேள்விக்குப் பக்கத்தில் எங்கேயாவது இது நடக்கும். அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி போட்டால் ஓடும். மறுபடி ஒன்றாம் கேள்வி. மறுபடி நாற்பது. எனக்கு கேம் ஆடும்போதும் அந்தக் கோடையில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு நின்றால் ஒரு ரேஸ் போகும். அக்காவுக்கு அப்படியில்லை. முதல் நாற்பது கேள்விக்கும் கேள்வி முடியும் முன்னே பதிலைத் தொட்டுவிட்டு, நாற்பத்தொன்றைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தாள்.

நான்காவது நாள் அவள் சொன்னாள்: "எதுனா ஒண்ணு மாத்தணும்னா மாத்து. ஒண்ணுதான். அதுக்கு மேல எங்கிட்ட காசு இல்ல. எதுன்னு நீயே சொல்லு, உனக்குத்தான் தெரியும்."

என்னைப் பார்த்து அந்த வார்த்தையை யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

நேராக என் தோஸ்த்திடம் போனேன். பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டவன். நானும் அவனும் ஒரே தெரு, ஒரே வருஷம் பத்தாவது ஃபெயில். எனக்கு இரண்டு பாடம், அவனுக்கு மூன்று. அந்த ஒரு பாட வித்தியாசத்தை நான் அவனுக்கு மறக்கவே விட்டதில்லை. மத்தியானம் சென்டரில் ஆளில்லாத நேரம். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கட்டிங் ஷீட்டின் பின்பக்கத்தில் நாங்கள் ஒரு பட்டியல் போட்டோம். கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர், பவர் சப்ளை, ஃபேன்.

மானிட்டரை முதலில் அடித்தோம். பெரிசாகப் பார்த்தாலும் அதே மூட்டம்தானே தெரியும். ஹார்ட் டிஸ்க்கை அடித்தோம், ஏனென்றால் இருப்பதே நிறையவில்லை. பவர் சப்ளை பற்றி இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாததால் அதையும் அடித்தோம். ஃபேனுக்கு வந்தபோது தோஸ்த் ஓடுதா என்று கேட்டான். சூப்பரா ஓடுது, அத நான் போன வருஷமே ரிப்பேர் பண்ணிட்டேன் என்று சொல்லி நானே கோடு போட்டேன்.

அந்த ரிப்பேரை இங்கே சொல்லிவிட வேண்டும். தூசி ஊதுவதற்காகப் பெட்டியைத் திறந்தபோது, பிராசசர் சூடாகாமல் இருக்க அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டியையும் அதன் மேலிருக்கும் ஃபேனையும் அழுத்திப் பிடிக்கிற ஸ்டீல் கிளிப் என் கையிலேயே உடைந்தது. எங்கள் ஊரில் உடைந்த பொருளுக்கு ஒரே வைத்தியம். பிளாஸ்டிக் பக்கெட், மூக்குக் கண்ணாடி, சுவர்க் கடிகாரம், பைபிள் அட்டை எதுவாக இருந்தாலும் ஷூ சொல்யூஷன். வீட்டுக்கு ஒருத்தராவது கம்பெனியில் இருப்போம். ஒரு சின்ன டப்பாவில் வீட்டுக்கு வந்துவிடும். நானும் தொழில்காரன் மாதிரி கட்டியின் அடியில் நான்கு மூலையிலும் தடவி, காற்றில் காயவிட்டு, விரலில் ஒட்டுகிற பதம் பார்த்து, அமுக்கி ஒட்டினேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மதர்போர்டு செய்தவனே இதைப் பார்த்தால் என்னை வேலைக்குக் கூப்பிடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, பட்டியலில் மிச்சம் இரண்டு.

"ரேம் போடுடா" என்றான் தோஸ்த். "அறுவத்தி நாலு எம்பி வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? டீ கிளாஸ்ல தண்ணி மொண்டு குளிக்கற மாதிரி."

"உன் சென்டர்ல ரேம் போட்ட மெஷின் ஓடுதா?"

"மூணாவது ஓடுது."

"மிச்ச அஞ்சு?"

"அதுக்கு வைரஸ். அது வேற கணக்கு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் என் கண் பட்டியலின் முதல் வரியிலேயே இருந்தது. மதர்போர்டில் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்லாட் காலியாகக் கிடந்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான இடம். சென்டருக்கு வந்த ஒரு காலேஜ் பையன், அதில் ஒரு கார்டு சொருகினால் அந்தக் கேமில் பனியே இருக்காது, கடைசி வரைக்கும் தெரியும் என்று எப்போதோ சொல்லியிருந்தான். அதிலிருந்து எனக்கு அந்தக் கடைசியைப் பார்க்க வேண்டும். பேஸ்டிங் டேபிளில் கை பாட்டுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருக்கும், நான் அந்த ரோட்டில் போய்க்கொண்டிருப்பேன். மூட்டத்துக்குப் பின்னால் ஒருநாள் ஒரு ஊர் இருக்கும், ஒருநாள் மலை, ஒருநாள் ஒரு ரயில் ஸ்டேஷன். மேஸ்திரி வந்து டேபிளைத் தட்டினால்தான் திரும்பி வருவேன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் முகத்தை ரொம்ப சீரியசாக வைத்துக்கொண்டு பேசினேன். நர்சுக்குப் புரிகிற பாஷையிலேயே சொன்னேன். இப்போது இதற்குள் யோசிக்கிற வேலை, படம் காட்டுற வேலை இரண்டையும் ஒரே ஆள் பார்க்கிறான், அரைமணி நேரத்தில் மயக்கம் போட்டு விழுகிறான், கார்டு போட்டால் படம் காட்ட தனி ஆள் வந்துவிடுவான், இவனுக்கு லோடு கம்மி. சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

அக்கா என்னையே பார்த்தாள். "விளையாடறதுக்காகச் சொல்லலியே?"

"சத்தியமா இல்ல."

"சரி" என்றாள். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக ஒரு பொய் போய்ச் சேர்ந்ததே இல்லை. கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலூருக்கு பஸ்சில் போனோம். பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் இன்னா கோழியா என்று கேட்டார். முட்டை போடும், வேணுமா என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். விரிஞ்சிபுரம் தாண்டும்போது கோபுரம் தென்னைகளுக்குப் பின்னால் மெதுவாகத் திரும்பிக்கொண்டே வந்தது. பஸ் திரும்புகிறதா, கோபுரம் திரும்புகிறதா என்று தெரியாத மாதிரி. நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மடியில் கம்ப்யூட்டர், பக்கத்தில் அக்கா, ரோடு முழுக்க வெயில். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. என்னைக் கடையில் விட்டுவிட்டுப் போனாள். பஜாரில் மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன ரூம். கடைக்காரர் கோயம்புத்தூர் பக்கத்து ஆள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எதுக்குங்க கார்டு போடறீங்க, ஏதாவது தொந்தரவு இருக்குங்களா என்று கேட்டார்.

இருக்கிறது, அரைமணி நேரத்தில் நின்றுபோகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் வேறு எதையாவது பார்ப்பார். கார்டு வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. "ஒண்ணும் இல்ல சார். கேம் நல்லா தெரியணும், அவ்ளோதான்" என்றேன்.

அவர் கார்டைச் சொருகினார். ஃபேனை விரலால் ஆட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. போட்டுப் பத்து நிமிஷம் ஓடவிட்டார். மூக்கைச் சுளித்து, என்னங்க, ஷூ கடை வாசம் அடிக்குது என்றார். அது நான்தான் சார், கம்பெனி ஆளு என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து எல்லா ஒயரும் மாட்டியதும், ஒரே ஒரு ரவுண்டு பார்த்துட்டு அப்புறம் டெஸ்ட் எழுது என்று அக்காவைக் கெஞ்சினேன். அவளுக்கும் ஆசை இருந்தது. உட்கார்ந்தாள். செட்டிங்கில் தூரத்தைக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டேன். எப்போதும்போல மற்ற கார்களைப் போகவிட்டுவிட்டு அவள் கிளம்பினாள்.

மூட்டம் இல்லை. ரோடு நீளமாகக் கிடந்தது. அந்தப் பாலம் தூரத்திலேயே சின்னதாகத் தெரிந்தது. இரண்டு வருஷமாக நாங்கள் ஓட்டிய ரோட்டுக்கு இடதுபக்கம், பாலாறு என்று நான் பெயர் வைத்த இடம் முழுக்க நீலமாக இருந்தது. வெயில் அதன் மேல் துண்டு துண்டாக ஆடிக்கொண்டிருந்தது. ரொம்ப தூரத்தில் ஒரு வெள்ளைப் படகு.

"கடலாடா இது?" என்றாள் அக்கா.

அவள் காரை ஓரம் நிறுத்திவிட்டாள். அம்மாகூட வந்து, கையில் கரண்டியோடு பின்னால் நின்று பார்த்தாள். இத்தனை நாள் கடலை வைத்துக்கொண்டு பனியில் ஓட்டியிருக்கிறோம். அக்கா மறுபடி கிளம்பி, கடலை ஒட்டியே போனாள். முடி காய்வதற்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகிறவள் மாதிரி. வெளியே மாவு மில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்கவில்லை.

அப்புறம் படகு நின்றது. அலை நின்றது. வெயில் ஆடாமல் நின்றது. அதுவும் அழகு என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா மவுசை ஆட்டினாள். அம்பு நகரவில்லை.

அவள் திட்டவில்லை. ஆறட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், புத்தகத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள். பரீட்சைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. நான் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை. சுவிட்சை அணைத்தேன்.

அடுத்த நாள் கம்பெனியில் எனக்குக் கைவேலை ஓடவில்லை. ஒரு பீஸில் ஓரத்தைக் கோணலாக மடித்துவிட்டேன். தப்பாக ஒட்டினால் அதைக் கிழிக்க மாட்டோம். ஹீட்டரில் காட்டுவோம். சூடு ஏறியதும் சொல்யூஷன் இளகிவிடும். விரலால் தள்ளினாலே மடிப்பு நகரும். ஆறினால் மறுபடி கல். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் செய்கிறவன் நான். அன்று அந்தப் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தோல் என் விரலுக்கு அடியில் மெதுவாக நகர்ந்தது.

பக்கத்து டேபிள்காரன் இன்னாபா பேயறைஞ்சிச்சா என்றான். வழக்கமாக அவனுக்கு ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுப்பேன். அன்று அந்தப் பீஸை மறுபடி ஹீட்டரில் காட்டினேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வந்து முதலில் குளித்தேன். அக்கா மாதா கோயிலுக்குப் பக்கத்திலிருந்த டீச்சர் வீட்டுக்கு இங்கிலீஷ் படிக்கப் போயிருந்தாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஓடவிட்டு, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் சத்தத்தில் கண் சொருகியது. ஜன்னலிலிருந்து விழுந்த வெயில் தரையில் ஒரு ஓட்டிலிருந்து அடுத்த ஓட்டுக்கு நகர்ந்தது. அந்த அலுமினியக் கட்டியும் அப்படித்தான் நகர்ந்தது. நகர்வது தெரியாமல். மேல் ஓரத்தில் முதலில் நூல் அளவுக்கு ஒரு இடைவெளி. அப்புறம் ஒரு அட்டை நுழைகிற அளவு. ஃபேன் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டேதான் இருந்தது, தலையைச் சாய்த்துக்கொண்டு. திரை உறைந்தது.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கம்பெனிலேந்து வந்தா மொதல்ல குளிடா. வீடே நாறுது."

நான் குளித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த வாசம் ஒரு வருஷமாகப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் என் மேலேயே பழி போட்டு, என்னையே குளிக்க அனுப்பினார்கள். நானும் போனேன். வேறு ஊராக இருந்தால், கம்ப்யூட்டருக்குள் ஷூ வாசம் ஏன் வருகிறது என்று முதல் நாளே ஒருத்தர் கேட்டிருப்பார். கேட்ட ஒரே ஆள் அந்தக் கோயம்புத்தூர்க்காரர்தான். அவரையும் நான் சிரிக்க வைத்துவிட்டேன். அணைத்து, ஆறுவதற்குள் கட்டியைச் சாய்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளினால் போதும், மறுபடி பிடித்துக்கொள்ளும். பெட்டியைத் தூக்கும்போதும் நகர்த்தும்போதும் அது தானாகவே நடந்திருக்கிறது. ஆறின பிறகு எத்தனை பேர் ஆட்டிப் பார்த்தாலும் ஆடாது.

தோஸ்த்திடம் ஓடினேன். சென்டரின் மூலையில் செத்துப்போன ஒரு மதர்போர்டு கிடந்தது. அதிலிருந்து கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தான். தடவுவதற்கு வெள்ளைப் பேஸ்ட்டும் கொடுத்தான். கதையை முழுக்கக் கேட்டான். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"அக்காகிட்ட சொல்லுவியா?"

"சொல்லணுமா? கார்டு இப்பதான் செட்டாச்சுன்னு சொன்னா முடிஞ்சிது."

"நீ சொல்லாட்டி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கார்டாலதான் சரியாச்சுன்னு அக்கா எங்கிட்ட வந்து சொன்னா, நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது? அது உன் பேஜார்."

பழைய சொல்யூஷனைச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நான்தானே ஒட்டினேன், நன்றாகவே ஒட்டியிருந்தேன். கிளிப்பை மாட்டியதும் ஒரு சின்னச் சத்தம் வந்தது. மறுநாள் ஞாயிறு. அக்கா கோயிலிலிருந்து வந்து புடவைகூட மாற்றாமல் சீடியைப் போட்டாள். ஸ்டார்ட் மேல் அம்பை வைத்தாள். அவள் முகத்தில் எதிர்பார்ப்பே இல்லை. நின்றுபோகும் என்று தெரிந்தே உட்காருகிற முகம். கார்டு செட்டாச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, கார்டு இல்ல. தப்பு என்னுது. அந்த ஃபேன நான்தான் கம்பெனி சொல்யூஷன்ல ஒட்டி வெச்சேன். சூடானா இளகிக்குது. இப்ப சரி பண்ணிட்டேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வேலூர்ல கடைக்காரர்கிட்ட, நின்னுபோவுதுன்னு சொன்னியா?"

"சொல்லல."

அவள் ஸ்டார்ட்டை அமுக்கினாள்.

நாற்பது கேள்வியும் யோசிக்காமலே போய்விட்டன. நாற்பத்தொன்று வந்தது. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உதடு அசைய மெதுவாகப் படித்தாள். ஒரு பதிலைத் தொட்டாள், எடுத்துவிட்டாள், வேறு ஒன்றைத் தொட்டாள். அரைமணி நேரம் தாண்டியது. ஒரு மணி நேரம் தாண்டியது. நான் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஜுரம் பார்க்கிற மாதிரி. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மூலையில் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அது ஓடுவதைப் பார்ப்பதற்கே எனக்குச் சுகமாக இருந்தது. அக்காவுக்கு அது ஓடுவதுதான் கஷ்டம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

முடிந்ததும் மதிப்பெண் வந்தது. ஃபெயில்.

"நாப்பது வரைக்கும் நான் டாக்டர்" என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் உன்ன மாதிரி."

அந்தத் தப்பைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபது நாளும் நான் கேம் பக்கம் போகவில்லை. வேலை விட்டு வந்து கேள்விகளை உரக்கப் படிப்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வாள். நான் இங்கிலீஷ் படிக்கிற அழகில் மருந்துப் பெயரெல்லாம் மாடு மேய்கிற இடத்துப் பெயர் மாதிரி கேட்கும். அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடிப்பாள். எப்போதாவது மூளை களைத்தால் பத்து நிமிஷம் கடலோரமாக ஓட்டிவிட்டு வருவாள். கார்டு நல்ல கார்டுதான். அதன் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அவள் பாஸானது அதற்கடுத்த வருஷம். முதல் தடவை முடிவு வந்தது ஒரு சனிக்கிழமை. ஆஃபில் வீட்டில் இருந்தாள். வாசலில் நின்றபடியே கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். ஒரு பகுதியில் பாஸ், இன்னொன்றில் கொஞ்சத்தில் போய்விட்டது. அம்மா என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். இன்னொரு தடவ எழுதணும்மா, எல்லாரும் ரெண்டு தடவதான் எழுதறாங்க என்று அக்கா சொன்னாள். எல்லாரும் இரண்டு தடவை எழுதவில்லை. அவளோடு எழுதியவர்களில் மூன்று பேர் பாஸாகியிருந்தார்கள், எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாள், நான் கார்டுக்காக ஓட்டிய பத்து நாள், அது அவளிடம் இருந்திருந்தால் என்று நான் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ டீக்கடை ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள், அப்புறம் குறைத்தார்கள்.

"எதுனா பேசேன்டா" என்றாள். "நீ இப்படிக் கம்முனு உக்காந்திருந்தா வீட்ல யாரோ செத்துட்ட மாதிரி இருக்குது."

எவ்வளவு தேடியும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரையே கிண்டல் பண்ணுகிற வாய். கடைசியில் கஷ்டப்பட்டு ஒன்று வந்தது.

"நான் பத்தாவது மூணு தடவ எழுதினவன். நீ இன்னும் ரெண்டு வாட்டி ஃபெயிலானாத்தான் எனக்குச் சமம். அவசரப்படாத."

அவள் கடிதத்தாலேயே என் தலையில் ஒரு அடி அடித்தாள். வலிக்கவே இல்லை. இன்னொரு அடி அடித்தாள். அப்புறம் அந்தக் கடிதத்தை மடித்து, கவருக்குள் போட்டு, அடுத்த பரீட்சைக்கு எப்போ ஃபாரம் வருது என்று இப்பவே போய் நெட்டில் பார்த்துட்டு வா, உன் தோஸ்த்தையே படிக்கச் சொல்லு, நீ படிக்காத என்று சொன்னாள்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினேன்.